குளிசை மனதுக்கா, வயிற்றுக்கா?

2024 பெப்ரவரி 18, காலை. கிண்ணியாவிலிருந்து ஒரு சகோதரி கேட்டது

ஐயா, எனக்கு வயது 31. திருகோணமலை நகரில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருக்கிறேன். காலை 6.45 பேருந்தில் பாலத்தைக் கடந்து வர வேண்டும். மூன்று வருடமாக, பேருந்து ஏறுவதற்கு முன் வயிறு பிசைந்து, மூன்று நான்கு தடவை மலசலகூடம் போக வேண்டியிருக்கிறது. போய்வந்தால் வலி குறைகிறது. இரத்தம், மலம், ஸ்கேன், கமரா விட்டுப் பார்த்தது எல்லாம் சரி என்றார்கள். ஐபிஎஸ் (IBS, குடல் அளவுக்கு மிஞ்சிக் கூருணர்வடையும் கோளாறு) என்று சொல்லிப் போன கிழமை அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதித் தந்தார்கள். பாமசியில் நின்றவர் துண்டைப் பார்த்துவிட்டு, "இது மனச்சோர்வுக்குக் கொடுக்கிற குளிசையல்லவா" என்றார். எனக்குப் பைத்தியம் என்று நினைத்துவிட்டார்களா? மனதால் வயிறு கெட்டதா, வயிற்றால் மனம் கெட்டதா? குளிசை இன்னும் பெட்டியிலேயே இருக்கிறது.

2024 பெப்ரவரி 18, இரவு

அதே குளிசையை, அதே அளவில், பதினான்கு மாதம் விழுங்கியவன் என்ற ஒரே தகுதியில் எழுதுகிறேன். நான் வைத்தியன் அல்லன். நீதிமன்றத்தில் சிங்களத்துக்கும் தமிழுக்கும் நடுவில் நிற்கும் மொழிபெயர்ப்பாளன். பழைய வழக்கப்படி முதலியார் என்று கூப்பிடுவார்கள்.

பாமசியில் நின்றவர் சொன்னது பொய் அல்ல, பாதி உண்மை. அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கென்று வந்த மருந்துதான். ஆனால் மனச்சோர்வுக்கு அதை வழக்கமாக 75 முதல் 150 மில்லிகிராம் வரை கொடுப்பார்கள். 10 மில்லிகிராம் மனச்சோர்வை அசைக்கிற அளவல்ல. அந்தச் சிறிய அளவில் அது குடலிலிருந்து மேலே போகும் வலிச் செய்தியைத் தணிக்கிறது. குடலின் ஓட்டத்தையும் சற்று மந்தமாக்குகிறது. நரம்பு வலிக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் இதே குளிசையை இதே போலச் சிறிய அளவில் எழுதுகிறார்கள். இங்கிலாந்தில் 463 பேரை வைத்து நடத்திய அட்லான்டிஸ் என்னும் ஆய்வு 2023 இல் வெளிவந்தது. 10 மில்லிகிராமில் தொடங்கி 30 வரை கூட்டிக்கொள்ளும் முறையில் இக்குளிசையைப் பெற்றவர்களின் வயிறு, வெற்றுக் குளிசை பெற்றவர்களின் வயிற்றைவிட ஆறு மாத முடிவில் தெளிவாக நன்றாக இருந்தது. அவர்களுடைய பதகளிப்பு (மனப்பதற்றம்), மனச்சோர்வு அளவுகளில் மட்டும் வேறுபாடு தெரியவில்லை. உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான விடை என்னிடம் இல்லை: இந்த அளவில் இக்குளிசை வயிற்றுக்கே.

இரவில் எடுங்கள். வாய் காயும், முதற் கிழமை காலையில் தூக்கம் விடாது, மலச்சிக்கல் வரலாம். இதயத் துடிப்பில் கோளாறு, கண்ணில் அழுத்த நோய், சிறுநீர் கழிப்பதில் சிரமம், கர்ப்பம், வேறு மருந்துகள் என்று ஏதும் இருந்தால் வைத்தியரிடம் முதலில் சொல்லுங்கள்.

எது முதலில் என்ற கேள்விக்கு என் அனுபவம் ஐயத்துக்கு இடமில்லாதது: வயிறுதான் முதலில். 2011 ஜனவரி வெள்ளத்தில் வெருகல் பக்கம் நிவாரணப் பொருள் ஏற்றிக்கொண்டு போனோம். மூன்றாம் நாள் காய்ச்சலும் இரத்தத்தோடு வயிற்றுளைவும் பிடித்தன. பத்து நாளில் காய்ச்சல் போனது. வயிறு பழைய வயிறாகத் திரும்பி வரவில்லை. கனடாவில் வோக்கர்டன் என்ற சிற்றூரில் 2000 ஆம் ஆண்டு மே மாதம் கனமழை மாட்டுச் சாணத்தைக் குடிநீர்க் கிணற்றுக்குள் அடித்துச் சென்று, ஏறத்தாழ 2,300 பேர் நோயுற்றார்கள். ஏழு பேர் இறந்தார்கள். இரண்டு மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோது, அந்தத் தொற்று உறுதியாக வந்திருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோருக்கு இந்தக் குடற்கோளாறு இருந்தது. வராதவர்களில் பத்தில் ஒருவருக்கே இருந்தது. எனக்கு நடந்ததும் அதுவே. கிருமி குடலைக் கெடுத்தது. கெட்ட குடல் என்னைப் பயந்தவனாக்கியது.

2024 பெப்ரவரி 19

"ஐபிஎஸ் பெற்ற அதிகாரிகளுக்கு வணக்கம்" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். நம் எழுத்தில் ஒரே 'ப' இரண்டு வேலை பார்ப்பதால் வந்த பட்டம் இது. இந்தியாவில் ஐபிஎஸ் (IPS, உயர் பொலிஸ் பதவி) கிடைத்தால் வாசலில் காவலர் நிற்பார். எனக்குக் கிடைத்த பின்னர், மலசலகூட வாசலில் நானே காவல் நின்றேன்.

2024 பெப்ரவரி 25

இந்த இணையக் கேள்வி–பதில் இழையைப் படித்துவிட்டுச் சிலர் "எனக்கும் இதுதான்" என்று தாமே தீர்ப்பு எழுதத் தொடங்கியிருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்நோயை அடையாளங்காண வைத்தியர்கள் பயன்படுத்தும், 2016 இல் வந்த நான்காவது ரோம் வரையறைப்படி, கடைசி மூன்று மாதங்களில் கிழமைக்கு ஒரு நாளாவது வயிற்றுவலி இருக்க வேண்டும். அவ்வலி மலம் கழிப்பதோடு தொடர்புபடுவது, கழிக்கும் தடவைகள் மாறுவது, மலத்தின் தன்மை மாறுவது ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும். தொடக்கம் ஆறு மாதத்துக்கு முந்தியதாக இருக்க வேண்டும்.

மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், இரத்தச்சோகை, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வயிற்றோட்டம், ஐம்பது வயதுக்குப் பின் புதிதாகத் தொடங்கிய கோளாறு, குடும்பத்தில் குடற்புற்று: இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த இழையை மூடிவிட்டு வைத்தியசாலைக்குப் போங்கள். இந்த நோயில் குடல் பகலில் எவ்வளவு ஆட்டம் போட்டாலும் ஆள் தூங்கியபின் பெரும்பாலும் தானும் தூங்கிவிடும்.

2024 மார்ச் 3

"மனதுக்கும் குடலுக்கும் என்ன கம்பி இழுத்திருக்கிறது?" என்று ஓர் ஐயா கேட்கிறார். கம்பி உண்மையாகவே இருக்கிறது. மூளையின் அடியிலிருந்து வயிறு வரை இறங்கும் வேகஸ் நரம்பில், ஐந்தில் நான்கு பங்கு இழைகள் கீழிருந்து மேலே செய்தி கொண்டுபோகிறவை. மூளை குடலுக்கு இடும் கட்டளையைவிடக் குடல் மூளைக்கு அனுப்பும் முறைப்பாடே அதிகம். குடற்சுவரிலும் தனக்கென்று ஒரு நரம்பு வலை இருக்கிறது. மூளையைக் கேளாமலே உணவைத் தள்ளிக்கொண்டுபோக அதனால் முடியும்.

1973 இல் ரிச்சி என்ற வைத்தியர் நோயாளிகளின் பெருங்குடலின் அடிப்பகுதியில் சிறு பலூனை வைத்து ஊதிப் பார்த்தார். மற்றவர்களுக்கு வலிக்காத அளவு காற்றிலேயே இந்த நோயாளிகள் பலருக்கு வலித்தது. குடலில் புண் இல்லை, கட்டி இல்லை. வலியைப் பதிவு செய்யும் கருவிதான் மிகக் கூர்மையாகிவிட்டது. கமரா விட்டுப் பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தென்படாததன் காரணம் இதுதான். கமரா சுவரைப் பார்க்கும். சுவர் உணர்வதை எப்படிப் பார்க்கும்?

பயம் வந்தால் சுரக்கும் நெருக்கீட்டுச் சுரப்புகள் இரைப்பையை மந்தமாக்கிப் பெருங்குடலை விரைவாக்குகின்றன. 'வயிற்றில் புளியைக் கரைத்தது' என்று சொன்னவர்கள் உடற்றொழிலியல் படித்தவர்கள் அல்லர். ஆனால் இடத்தைச் சரியாகக் காட்டினார்கள். செரொட்டோனின் என்னும் இரசாயனத்தில் பத்தில் ஒன்பது பங்கு குடலில்தான் உருவாகிறது. அது மூளைக்குப் போய் மனநிலையை நிர்ணயிக்கிறது.

2024 மார்ச் 5

மேலே கடைசி வாக்கியம் பிழை. குடலில் உருவாகும் செரொட்டோனின் மூளைக்குள் நுழையாது. இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பு அதை விடாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. குடலில் உள்ளது குடலின் அசைவையும் அங்குள்ள நரம்பு முனைகளையும் தூண்டும். செய்தி நரம்பு வழியாக மேலே போகும். பொருள் போவதில்லை, செய்தி போகிறது. "அப்படியானால் தயிர் சாப்பிட்டால் மகிழ்ச்சி வராதா" என்று கேட்ட தங்கைக்கு: எருமைத் தயிரும் கித்துள் பாணியும் தரும் மகிழ்ச்சிக்கு இந்த விளக்கம் தேவையில்லை.

2024 மார்ச் 10

என் முதற் குறிப்பில் 'ஐயத்துக்கு இடமில்லாதது' என்று ஒரு சொற்றொடர் இருக்கிறது. நீதிமன்றத்தில் ஒரு சாட்சி அதைச் சொன்னால் சட்டத்தரணிக்கு உடனே உற்சாகம் வரும். எனக்கு அந்தக் குறுக்கு விசாரணையைச் செய்தவர் என் அக்கா.

வெள்ளிக்கிழமை சிவராத்திரிக்குக் கோணேசர் கோயிலுக்குப் போனோம். கோட்டை வாசலைத் தாண்டி மேலே ஏறும் வழியில், நெரிசலில் நின்றபோது, இந்த இழையைப் பற்றிச் சொன்னேன். அக்கா ஒரு மானுக்கு வாழைப்பழத் தோலைப் போட்டுக்கொண்டே, "வெள்ளத்திலயா உனக்கு வயிறு கெட்டது? ஏஎல் சோதினைக்கு நீ போன கதையை மறந்திட்டியா?" என்றார். 1997 இல் சோதனைச் சாவடிகளைத் தாண்டித்தான் பரீட்சை மண்டபத்துக்குப் போக வேண்டும். அடையாள அட்டையைச் சட்டைப்பையில் மூன்று தடவை தொட்டுப் பார்ப்பேனாம். அதே மூன்று தடவை மலசலகூடமும் போவேனாம். அம்மா எனக்காக விடியற்காலை நான்கு மணிக்கே எழும்பி மல்லித் தண்ணீர் வைத்தார். அந்த மல்லித் தண்ணீரின் மணம் வரை எனக்கு நினைவிருக்கிறது. அது ஏன் வைக்கப்பட்டது என்பதை மட்டும் மறந்திருக்கிறேன்.

ஆகவே என் வாக்குமூலத்தைத் திருத்துகிறேன். வெள்ளத்தில் வந்த கிருமி உண்மை. அதற்கு முன்பே பயந்த ஒரு வயிறு இருந்ததும் உண்மை. 1990களில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில், தொற்று வயிற்றோட்டத்தோடு வைத்தியசாலைக்கு வந்தவர்களை அந்த நேரத்திலேயே மனநிலைக் கேள்விகள் கேட்டு, பின்னர் தொடர்ந்து பார்த்தார்கள். கிருமி போனபின்னும் வயிறு சரியாகாதவர்கள், தொடக்கத்திலேயே கூடுதல் பதகளிப்போடும் அண்மைய வாழ்க்கை நெருக்கடிகளோடும் இருந்தவர்களே. வோக்கர்டனிலும் முன்பே இருந்த பதகளிப்பும் மனச்சோர்வும் ஆபத்தைக் கூட்டும் காரணிகளின் பட்டியலில் இடம்பெற்றன. வயிற்றோட்டம் எத்தனை நாள் நீடித்தது என்பதும் அதே பட்டியலில் இருந்தது. நான் முதற் குறிப்பில் எனக்குச் சாதகமான பக்கத்தை மட்டும் வாசித்துக் காட்டியிருக்கிறேன்.

சகோதரியின் கேள்விக்கு மிக நெருங்கிய ஆய்வு ஆஸ்திரேலியாவில் நடந்தது. பொதுமக்களைப் பன்னிரண்டு வருடம் கழித்து மீண்டும் பார்த்து, 2012 இல் வெளியிட்டார்கள். தொடக்கத்தில் வயிறு நன்றாக இருந்து பதகளிப்பு மட்டும் இருந்தவர்களுக்குப் பின்னாளில் குடற்கோளாறு கூடுதலாக வந்தது. தொடக்கத்தில் மனம் நன்றாக இருந்து குடற்கோளாறு மட்டும் இருந்தவர்களுக்குப் பின்னாளில் பதகளிப்பும் மனச்சோர்வும் கூடுதலாக வந்தன. அதே குழுவினர் 2016 இல் ஒரு வருட இடைவெளியில் இன்னோர் ஆய்வை வெளியிட்டார்கள். அதில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மனம் முந்தியது. மூன்றில் இரு பங்கினருக்கு வயிறு முந்தியது. இரண்டு வழியும் பேருந்து ஓடுகிறது, சகோதரி. உங்கள் விடயத்தில் எது முந்தியது என்று கண்டுபிடிப்பது உங்கள் அக்காவின் நினைவாற்றலைப் பொறுத்தது.

2024 மார்ச் 11

"அப்படியானால் இந்நோய் உள்ள எல்லோருக்கும் மனநோய் என்கிறீர்கள்" என்று ஒருவர் கோபித்திருக்கிறார். இல்லை. 73 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2019 ஆம் ஆண்டுத் தொகுப்பில், இந்நோயாளிகளில் பதகளிப்பு அறிகுறிகள் உடையோர் 39 சதவீதம், மனச்சோர்வு அறிகுறிகள் உடையோர் 29 சதவீதம். நோயற்றவர்களை விட அதிகம், எல்லோரும் அல்லர். 2021 இல் 53,400 நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்தபோது, இந்நோயோடு தொடர்புபட்ட மரபணு இடங்கள் சில பதகளிப்போடும் மனச்சோர்வோடும் பங்கு போடுபவையாக இருந்தன. ஒன்று மற்றதைப் பெற்றெடுத்தது என்பதைவிட, இரண்டும் ஒரே வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் என்பதே பொருத்தமாகத் தெரிகிறது.

2024 மார்ச் 24

சகோதரியிடமிருந்து ஒரு செய்தி: குளிசை தொடங்கி மூன்று கிழமை. நோன்பு தொடங்கியதிலிருந்து காலை வயிற்றுக் கலக்கம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. "நோன்பில் மனம் அமைதியாகிறது, அதனால்தான்" என்கிறார். இருக்கலாம்; மறுக்க நான் யார்? ஆனால் இன்னொரு காரணமும் எண்ணத்தக்கது. நாம் சாப்பிட்டவுடன் பெருங்குடல் அசையத் தொடங்கும். இதை இரைப்பை–பெருங்குடல் தெறிவினை என்பார்கள். காலையில் எழும்பிய பின் முதல் உணவுக்கு அது மிகவும் வலுவாக இருக்கும். இந்நோயாளிகளில் பலருக்கு இன்னும் வலுவாக இருக்கும். வழமையாகச் சகோதரி ஆறேகாலுக்கு அவசரமாகச் சாப்பிட்டு ஆறேமுக்காலுக்குப் பேருந்து ஏறுகிறார். அதாவது குடல் வேலையைத் தொடங்கும் நேரத்தில் அதைப் பூட்டிக்கொண்டு புறப்படுகிறார். சஹர் (நோன்பு நாளின் விடியுமுன் உணவு) முடித்துச் சுபஹு (விடியற்காலைத் தொழுகை) தொழுது பேருந்துக்குப் போவதற்குள் இரண்டு மணி நேரம் கிடைக்கிறது. குடல் தன் வேலையை வீட்டிலேயே முடித்துவிடுகிறது.

மனமா, நேரமா, குளிசையா? மூன்றும் ஒரே மாதத்தில் மாறியதால் பிரித்தறிய முடியாது. நோன்பு முடிந்த பின்னும் ஐந்து மணிக்கே சாப்பிட்டுப் பாருங்கள் என்று மட்டும் எழுதினேன்.

2024 மார்ச் 31

இதை எழுதலாமா என்று ஒரு கிழமை யோசித்தேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கிளினிக்கில் வரிசையில் இருந்தேன். எனக்கு முன்னால் திருக்கடலூர்ப் பக்கத்து மீனவர் ஒருவர், ஐம்பது வயதிருக்கும். வைத்தியருக்குச் சிங்களம் மட்டும். மீனவருக்குத் தமிழ் மட்டும். என் தொழில் என்னை எழுப்பிவிட்டது. அவர் சொன்னார்: "விடிய எழும்பினா வயிறு கலக்குது. கடலுக்குப் போக மனமே வருகுதில்லை. வள்ளத்தைக் கண்டாலே நெஞ்சு அடைக்குது. ராவில ஒரு மணிக்குப் பிறகு நித்திரை இல்லை." நான் சிங்களத்தில் சொன்னது இவ்வளவுதான்: காலையில் வயிற்று வலி, வயிற்றோட்டம், தூக்கக் குறைவு.

நீதிமன்றத்தில் நான் ஒரு சொல்லை விட்டால் அது குற்றம். சாட்சி இருமினால்கூட இருமினார் என்று சொல்ல வேண்டிய இடத்தில் இருபது வருடம் நின்றவன், அங்கே இரண்டு வாக்கியங்களை விழுங்கினேன். வைத்தியர் குறை சொல்லத்தக்கவர் அல்லர். தமக்குக் கிடைத்த மொழிபெயர்ப்புக்கு ஏற்ற மருந்தை எழுதினார். குடற்பிசைவைத் தணிக்கும் மெபெவெரினும் அமிலத்துக்கு ஒன்றும். பிறகு, "ஹித்தன்ன எப்பா" என்றார். அதை மட்டும் அட்சரம் பிசகாமல் மொழிபெயர்த்தேன்: யோசிக்காதீர்கள்.

ஏன் விழுங்கினேன்? அந்த மனிதரின் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று அன்று நினைத்தேன். வரிசையில் அவருடைய ஊர்க்காரர்கள் இருந்தார்கள். வைத்தியர் 'மனம்' என்ற சொல்லைக் கேட்டால் அங்கொடை மனநல வைத்தியசாலைக்கு எழுதிவிடுவார் என்று அவர்கள் நினைப்பார்களே என்று எனக்குத் தோன்றியது. இன்று பார்த்தால் நான் காப்பாற்றியது என்னையே. அவருக்குப் பின் என் முறை வந்தது. நானும் வயிற்றை மட்டுமே சொன்னேன். 2011 தொடக்கம் 2022 வரை என் கிளினிக் கொப்பியில் வலி, வாயு, தடவைகள் என்று பக்கம் பக்கமாக எழுதப்பட்டிருக்கிறது. கொழும்புக்கு இரவு ரயிலில் மட்டுமே போவேன், அதில் மலசலகூடம் இருப்பதால். திருமண வீட்டில் வாசலுக்கு அருகில்தான் உட்காருவேன். பிள்ளையின் பரிசளிப்பு விழாவுக்குப் போகாமல் தலைவலி என்று பொய் சொன்னேன். இவற்றில் ஒன்றும் அந்தக் கொப்பியில் இல்லை. வைத்தியருக்கும் எனக்கும் நடுவில் இருந்த மொழிபெயர்ப்பாளன் சரியில்லை.

2022 இறுதியில் ஒரு வைத்தியர் வலியைக் கேட்காமல், "இதனால் எதைச் செய்யாமல் விடுகிறீர்கள்?" என்று கேட்டார். அன்றுதான் 10 மில்லிகிராம் எழுதப்பட்டது.

2024 ஏப்ரல் 2

அந்த மீனவரைத் தேடினீர்களா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். தேடினேன். வள்ளத்தை விற்றுவிட்டு மகளோடு மன்னாரில் இருக்கிறார் என்று மட்டும் அறிந்தேன். வேறு ஒன்றும் எழுதுவதற்கில்லை.

2024 ஏப்ரல் 16

புத்தாண்டுப் பலகாரம் முடிந்து எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இழைக்குத் திரும்பியிருப்பதால், உணவு.

மெல்பேர்னிலுள்ள மொனாஷ் பல்கலைக்கழகத்தார் வகுத்த ஃபொட்மாப் குறைந்த உணவு முறை பலருக்கு உதவுகிறது. ஃபொட்மாப் எனப்படும், சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாத சில சர்க்கரைகள் நீரை இழுத்து, பெருங்குடலில் புளித்து வாயுவாகின்றன. ஏற்கெனவே கூருணர்வுள்ள குடலுக்கு அது வலியாகிறது. நம் சமையலறையில் முதல் எதிரிகள் வெங்காயமும் உள்ளியும்; பின்னர் கோதுமை, பால், பருப்பு வகை, நன்கு கனிந்த வாழைப்பழம். சோறும் அரிசிமா இடியப்பமும் நண்பர்கள். பாணும் கொத்துரொட்டியும் அல்ல. உள்ளியைப் பெரிய துண்டாக எண்ணெயில் வதக்கி எடுத்து எறிந்துவிட்டு அந்த எண்ணெயில் தாளித்தால் மணம் வரும், தொல்லை வராது; அந்தச் சர்க்கரை எண்ணெயில் கரையாது. வெங்காயத்துக்குப் பதில் பெருங்காயம். இந்த முறை இரண்டு முதல் ஆறு கிழமைக்கு மட்டும். பின்பு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து எது தாங்கும் என்று பார்க்க வேண்டும். பயந்த சுபாவமுள்ளவர்கள் திரும்பச் சேர்க்கும் கட்டத்துக்கு வருவதே இல்லை. நான் எட்டு மாதம் சோறும் மீன் குழம்பும் என்று வாழ்ந்து ஆறு கிலோ இழந்தேன். அது நோயல்ல, பயம்.

2022 எனக்கு விசித்திரமான வருடம். பால்மா கிடைக்காமல் போனதால் பிளேன்ரீக்கு மாறினேன், ஊதல் குறைந்தது. நாட்டின் அந்நியச் செலாவணி தீர்ந்துதான் எனக்குப் பால் ஒத்துவராது என்று தெரிய வேண்டியிருந்தது. அதே வருடம் ஜூனில் பெற்றோல் வரிசை. நான்காவது மணித்தியாலத்தில் வயிறு பிசையத் தொடங்கியது. பின்னால் நின்ற இளைஞரிடம், "தம்பி, எனக்கு வயிற்று வருத்தம், போக வேண்டி வரலாம், மோட்டார்சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவீர்களா?" என்று கேட்டேன். "நீங்க போங்க ஐயா, நான் பார்க்கிறேன்" என்றார். அவர் சொல்லி முடித்த சில நிமிடங்களில் பிசைவு அடங்கிவிட்டது. நான் போகவே இல்லை. போக முடியும் என்று தெரிந்த வயிறு போக வேண்டும் என்று கேட்கவில்லை.

மறு மாதம் அதையே நீதிமன்றத்தில் செய்து பார்த்தேன். நீதவானிடம் முன்கூட்டியே தனியாகச் சொல்லி, தலையசைத்துவிட்டு வெளியேற அனுமதி வாங்கிக்கொண்டேன். இன்று வரை அந்த அனுமதியை இரண்டு தடவை பயன்படுத்தியிருக்கிறேன்.

2024 ஏப்ரல் 17

பெருங்காயம் பற்றித் திருத்தம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மா கலந்திருக்கிறது என்று ஒரு தங்கை சுட்டிக்காட்டியிருக்கிறார். உண்மை. ஒரு சிட்டிகைக்கு நமக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கோதுமைப் புரதம் அறவே ஆகாத சீலியாக் நோயுள்ளவர்களுக்கு அது கூடாது. அரிசிமா கலந்ததும் கிடைக்கிறது. பொதியைத் திருப்பிப் பாருங்கள்.

2024 ஏப்ரல் 28

"10 மில்லிகிராம் வயிற்றுக்குத்தான் என்றால், மனதுக்கு என்ன செய்வது?" என்று பெயர் குறிப்பிடாத ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, என் முதற் குறிப்பு அவரை வழிதவறச் செய்திருக்கலாம். சிறிய அளவுக் குளிசை மனச்சோர்வைக் குணப்படுத்தாது. இரண்டு கிழமைக்கு மேலாக எதிலும் நாட்டமின்மை, விடியுமுன் விழிப்பு, தன்னைப் பயனற்றவன் என்று எண்ணுதல், சாவைப் பற்றிய நினைவு ஆகியவை இருந்தால் அதற்குத் தனியாக வைத்தியம் வேண்டும். அதை வயிற்றுக் கணக்கில் எழுதி ஒத்திப்போடக்கூடாது. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

பதகளிப்புக்கும் குடலுக்கும் சேர்த்து வேலை செய்வது அறிவு–நடத்தைச் சிகிச்சை, அதாவது பயந்த எண்ணங்களையும் அவற்றால் வரும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் முறை. பிரித்தானியாவில் 558 நோயாளிகளுக்குத் தொலைபேசி வழியாகவோ இணைய வழியாகவோ அதைக் கொடுத்துப் பார்த்து 2019 இல் வெளியிட்டார்கள். வழமையான வைத்தியம் மட்டும் பெற்றவர்களைவிட அவர்கள் ஒரு வருட முடிவில் நன்றாக இருந்தார்கள். நான் அதை முறையாகப் பெறவில்லை. ஒரு கொப்பியில், எங்கே போகப் பயந்தேன், என்ன நடக்கும் என்று எண்ணினேன், என்ன நடந்தது என்று மூன்று நிரல் போட்டு எழுதினேன். முதல் நாற்பது பதிவுகளில் நடுநிரலில் எழுதியது மூன்றாம் நிரலில் ஒரு தடவை நடந்திருக்கிறது. அந்த ஒரு தடவையும் ஹபரணையில் பேருந்து நின்ற இடத்தில், எவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பதினான்கு மாதம் கழித்துக் குளிசையை வைத்தியரின் சொற்படி படிப்படியாக விட்டேன். வயிறு பூரணமாகச் சரியாகிவிடவில்லை. மாதத்தில் நான்கைந்து கெட்ட நாள் இருக்கிறது.

2024 மே 12

சகோதரி எழுதியிருக்கிறார்: வலி நன்றாகக் குறைந்திருக்கிறது. மலச்சிக்கல் எட்டிப்பார்த்ததால் வைத்தியர் இசப்கோல் சேர்த்திருக்கிறார். நோன்பு முடிந்த பின்னும் ஐந்து மணிக்கே சாப்பிடுகிறார். வாப்பா, "பெருநாள் முடிந்தும் சஹர் விடவில்லையா" என்று கேலி செய்கிறாராம். பாமசியில் நின்றவரிடம், "இது என் வயிற்றுக்கு" என்று சொல்லி மறு மாதக் குளிசையை வாங்கினாராம். பிறகு பேருந்தில் யோசித்துப் பார்த்தபோது, மனதுக்கென்றே இருந்தாலும் வாங்கியிருப்பேன் என்று தோன்றியதாம்.

இன்னொன்று: பேருந்து நேரம் மாறிவிட்டது, இப்போது 6.30 என்கிறார். அந்தப் பதினைந்து நிமிடம் நம்மைப் போன்றவர்களுக்குச் சிறியதல்ல என்பதால் இங்கே பதிந்துவைக்கிறேன். அவர் ஐந்து மணிச் சாப்பாட்டை நாலேமுக்காலுக்கு மாற்றிவிட்டாராம்.